விளிம்பில் இருந்த பெயர்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கொண்டுவந்து சாமித்தட்டுக்குக் கீழே சாத்தி வைத்துவிட்டுப் போன கண்ணாடிச் சட்டத்திலிருந்து, அந்தப் பித்தளைத் தகட்டை நான் கழற்றிவிட்டேன். கோபப்படாதே. கீறல் எதுவும் விழவில்லை, தகடு என் மேசை லாச்சிக்குள் பத்திரமாக இருக்கிறது. 'வேலாயுதர், ரோயல் நேவி' என்று ஆசையாக அதில் இங்கிலீஷில் வெட்டுவித்திருக்கிறாய். அது பிழை. சட்டத்துக்குள் இருக்கிற அந்த இரண்டு மெடல்களும் உன் அப்பாவின் பூட்டனாருடையவை அல்ல. எனக்கு இது தெரிந்து பதினாலு வருஷம். அடுத்த சனிக்கிழமை என் பேத்தி ஆரணி கனடா நேவி ரிசேர்வில் சேர்ந்து சத்தியம் செய்கிற அன்று, எல்லோர் முன்னாலும் நீ அதைத் தூக்கி அவள் கையில் கொடுக்கப்போகிறாய். அதற்கு முதல் உனக்குத் தெரிய வேண்டும்.

ரெலிபோனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் நீ 401 ரோட்டில் நின்றாய். "அம்மா, சரியான ட்ராபிக், பிறகு எடுக்கிறன்" என்றாய். அஜக்ஸுக்கு வீடு மாறின நாளிலிருந்து உன்னோடு கதைப்பதெல்லாம் காருக்குள்ளேதான். இது காருக்குள் கேட்கிற கதை அல்ல. ஆகவே எழுதுகிறேன். மறைப்பதற்கு இனி எதுவும் இல்லை. உன் பெண்சாதி வாசிக்கட்டும், அக்காமார் வாசிக்கட்டும், யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும்.

நான் உன் அப்பாவைக் கட்டி அந்த வீட்டுக்குப் போன முதல் வருஷம், ஆடி அமாவாசைக்கு முதல் நாள், மாமி, அதுதான் உன் அப்பம்மா, ஒரு தகரப்பெட்டியைத் திறந்து இந்த மெடல்களை என் கையில் தந்தார். வெள்ளியில் ஒன்று, வெண்கலத்தில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று. வெள்ளியில் ஒரு பக்கம் இராணியின் தலை. மற்றப் பக்கத்தில் மனித முகமும் சிங்க உடம்புமாக ஒன்று படுத்திருக்கும். அது எகிப்து நாட்டுச் சிலை என்று நீதான் பிறகு சொன்னாய். மாமி அதைச் சிங்கமாகவே மாறிவிட்ட அம்மன் என்று நம்பி, நெற்றியில் சந்தனம் வைப்பார். வெள்ளியை விபூதியாலும் நட்சத்திரத்தைப் பழப்புளியாலும் மினுக்குவது மருமகளின் வேலை. நானும் மினுக்கினேன். என் கை பட்டால் எது என்றாலும் பளபளக்கும் என்று மாமி ஊருக்கெல்லாம் சொன்னார். அந்தப் பெயரைக் காப்பாற்ற, வருஷா வருஷம் இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

அமாவாசைப் படையல் உனக்கு நினைவிருக்கும். சோறு, காத்தோட்டங்காய், வாழைக்காய், பாயாசம் எல்லாம் எந்த வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் மட்டும் பக்கத்தில் இன்னொரு சின்ன இலை போடுவோம். அதில் ஒரு துண்டுப் பாண், ஆரணி 'பிரெட்' என்பாளே அது, ஒரு கிளாஸ் சாராயம். சைவ வீட்டில் விரத நாளில் இது என்ன கூத்து என்று நான் முழிக்க, மாமி சொன்னார்:

"பூட்டனார் கப்பல் சாப்பாடு பழகினவர், பிள்ளை. சோறு அவருக்கு இறங்காது. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் தன்ர கையாலை பாண் வாங்கிக்கொண்டு வந்து வைப்பாராம். என்ர மாமி கண்ணாலை கண்டவ."

கேட்டுக்கொண்டேன். அந்தச் சாராயத்தை அடுத்த நாள் குடிப்பதற்கென்றே உன் அப்பா ஆடி மாதத்தை எதிர்பார்த்திருப்பார். "பூட்டனார் விட்டுவைச்ச மிச்சம், எறியக்கூடாது" என்பார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். இலையில் யார் வந்து இருந்துவிட்டுப் போகிறார் என்று அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

கனடாவுக்கு வந்தபோது அரிசிப் பையின் அடியில் வைத்து மெடல்களைக் கொண்டுவந்தோம். அகதி விசாரணையில் அப்பா அவற்றை மேசையில் எடுத்து வைத்து, "நாங்கள் ராணிக்காகச் சண்டை பிடிச்ச குடும்பம்" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லச் சொன்னார். அந்த அதிகாரி சிரித்துவிட்டு அவற்றைத் திருப்பித் தந்தான். அதற்காகத்தான் எங்களுக்கு வதிவிடம் கிடைத்தது என்று அப்பா சாகும்வரை நம்பினார். டோனட் கடையில் அவருடைய கூட்டாளிமாருக்கு அந்தக் கதை மனப்பாடம்.

பிறகு நான் இங்கிலீஷ் படிக்கப் போனேன். டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே வகுப்பு. ஊரில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை மறித்தார்கள். வகுப்பில் முதலாம் பிள்ளையாக இருக்கும்போது மறித்தார்கள், அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. ஆகவே அறுபது வயதுக்கு மேல் பென்சில் பிடித்தபோது ஒரு வெறியோடுதான் பிடித்தேன். ஒருநாள் ரீச்சர், வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டுவந்து அதைப்பற்றி நாலு வசனம் சொல்லும்படி கேட்டார். சீனத்து மனுசி ஒரு கரண்டி கொண்டுவந்தாள். நான் வெள்ளி மெடலைக் கொண்டுபோனேன். "மை ஹஸ்பண்ட், கிராண்ட்பாதர், பாதர். ஷிப். ஃபைட்." எல்லோரும் கை தட்டினார்கள்.

ரீச்சர் மெடலைத் திருப்பி, விளிம்பில் எழுத்து இருக்கிறது, நீயே வாசி என்று ஒரு பூதக்கண்ணாடியைத் தந்தார். உனக்குத் தெரியுமா, நீ அதன் முகத்தைத்தான் எப்போதும் பார்த்திருக்கிறாய், விளிம்பைப் பார்த்ததே இல்லை. நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை. குங்குமமும் விபூதியும் அடைந்து கிடந்த சின்னச் சின்ன எழுத்துகள். ஒவ்வொன்றாகக் கூட்டினேன். முதலில் ரி. பிறகு எச், ஓ, பி, எல், ஈ, வை. பிறகு ஏ, பி. அதற்குப் பிறகு வழுவழுப்பு. ஏ, பி என்றால் தேர்ந்த மாலுமி என்றும், வழுவழுப்பாக இருக்கிற இடத்தில் கப்பலின் பெயர் இருந்திருக்க வேண்டும் என்றும் ரீச்சர் சொன்னார். அந்தக் கப்பலை எங்கள் விபூதி தின்றுவிட்டது.

"ஹொப்லி. யார் இவர்?" என்று கேட்டார்.

"வேலாயுதர்" என்றேன். வெள்ளைக்காரர் வாயில் எங்கள் பெயர் நுழையாது, அதனால் இப்படி எழுதிவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளங்கப்படுத்தினேன். அவர் சிரிக்கவில்லை. பிழையாக எழுதியிருக்கலாம், ஆனால் உங்கள் ஆளின் பெயர் தொடங்குகிற எழுத்து இதில் எங்கேயாவது இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். நான் மெடலைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. நடுவழியில் மாமி அன்றைக்குச் சொன்னது திரும்ப வந்தது. தன்ர கையாலை பாண் வாங்கி வைப்பாராம். தன் கையால். உயிரோடு இருக்கும்போது. தனக்குத் தானே இலை போட்டுப் படைக்கிற மனிதன் எந்த ஊரில் இருக்கிறான்? இருபத்தைந்து வயதில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அந்த நடைபாதையில் பனிக்குள் நின்றபோதுதான் வந்தது. சின்ன இலை பூட்டனாருக்கு இல்லை. பூட்டனார் போட்ட இலை அது.

வெக்ஸ்போர்டில் இருந்த உன் மாமியிடம், அப்பாவின் அக்காவிடம், அந்தக் கிழமையே போனேன். அவருக்கு அப்போதே எண்பது தாண்டிவிட்டது. குந்தியிருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மச்சாள், பூட்டனார் எந்தக் கப்பலிலை வேலை செய்தவர்?"

"கப்பலோ? ஆர் சொன்னது? அவர் திருக்கோணமலையிலை வள்ளம் ஓட்டினவரெல்லோ."

"அப்ப மெடல்?"

கீரையிலிருந்து கண் எடுக்கவில்லை. "உதை என்ர தம்பியிட்டைக் கேட்டனீரோ?"

"இல்லை."

"கேளாதையும்."

பிறகு அவரே சொன்னார். சின்னப்பிள்ளையாக அவருடைய அப்பாச்சியின் மடியில் இருந்து கேட்டதாம். துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நின்ற வெள்ளைக்காரரின் கப்பலுக்கும் கரைக்கும் இடையே மாலுமிகளை ஏற்றி இறக்குவது பூட்டனாரின் தொழில். ஒரு பின்னேரம் லீவில் வந்த நாலு பேரைத் திரும்பக் கொண்டுபோகும்போது காற்று மாறி வள்ளம் கவிழ்ந்தது. மூன்று பேர் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் பூட்டனாரின் காலைப் பிடித்தான்.

"உதறிப்போட்டார்" என்றார் மச்சாள். "ரெண்டு தரம் உதறினவராம். முதல் தரம் அவன் விடேல்லையாம்."

புழுக்கத்துக்கு அந்த மூழ்கினவன் கழற்றி வைத்திருந்த மேல்சட்டை வள்ளக் கயிற்றில் சிக்கிக் கிடந்தது. மெடல் இரண்டும் அதிலேதான் குத்தியிருந்தன. கொண்டுபோய்க் கொடுத்தால், சட்டை உன்னிடம், ஆள் எங்கே என்று கேட்பார்கள். அந்தப் பயத்தில் கொடுக்கவில்லை. எறியவும் மனம் வரவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தவர் பிறகு கடலில் கால் வைக்கவே இல்லையாம். ஊரே ஆடி அமாவாசைக்குக் கடலில் தீர்த்தமாடப் போக, அவர் கிணற்றடியில் நாலு வாளி வார்த்துவிட்டு, நடந்து போய்ப் பாண் வாங்கி வருவாராம்.

"செத்தாப்பிறகு பிள்ளையள் கதையை மாத்திப்போட்டினம்" என்றார் மச்சாள். "பொய் சொல்லவேணும் எண்டு இல்லை. பேரப்பிள்ளையள் மெடலைப் பாத்துக் கேக்குங்கள்தானே. காலை உதறின கதையை அதுகளுக்குச் சொல்லேலுமே? கப்பலிலை சண்டை பிடிச்சவர் எண்டு சொல்லிச்சினம். அதுகளும் நம்பிச்சுதுகள். நீரும் கீரையைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போம், எனக்கு இது கூடிப்போச்சுது."

கீரையோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா சோபாவில் இருந்து, "வகுப்பிலை மெடலைக் காட்டினீரோ? வெள்ளைக்காரி என்ன சொன்னவள்?" என்று கேட்டார். முகமெல்லாம் ஆவல். "நல்லாயிருக்கு எண்டு சொன்னவள்" என்றேன். அதுதான் நான் செய்த முதல் பிழை. ஒரு கிழமைக்குள் சொல்லியிருந்தால் சொல்லியிருக்கலாம். ஒரு வருஷம் போனபிறகு, இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விதான் பெரிதாக நின்றது. தம்பி, உன் பெண்சாதியிடம் எதையாவது மறைத்திருந்தால் இதைப் பார்த்துத் தெரிந்துகொள். மறைத்த விஷயத்தைவிட மறைத்த காலம்தான் பிறகு கனக்கும்.

அன்றிலிருந்து நான் மெடலை மினுக்கவில்லை. மிச்சம் இருக்கிற எழுத்தும் போய்விடும் என்ற பயம். ஆனால் பாண் வைப்பதை விடவில்லை. பாண் வெட்டும்போதெல்லாம் பதினோராம் மாடியில் எனக்குக் கடல் மணக்கும். சமையலறையில் காத்தோட்டங்காய் பொரிகிற மணத்தையும் மீறி உப்பும் ஈரக் கயிறும் மணக்கும். நான் பைத்தியக்காரி இல்லை. உன் மூத்த அக்கா ஒரு வருஷம் வந்து நின்று, "என்னம்மா மீன் மணக்குது, இண்டைக்கு விரதமெல்லே" என்று கேட்டாள். நான் யன்னலைத் திறந்துவிட்டேன்.

அப்பாவின் கடைசி நாட்களில் நீ வேலை, ஆஸ்பத்திரி என்று ஓடிக்கொண்டிருந்தாய். ஒரு மத்தியானம் நீ கீழே கோப்பி வாங்கப் போயிருந்த நேரத்தில் நடந்ததை உனக்கு நான் சொல்லவே இல்லை. அப்பா கண் திறந்து கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தார். சந்தோஷப்பட்டார். இரண்டு கையையும் கும்பிடத் தூக்கினார்.

"இஞ்சாரும், பூட்டனார் வந்து நிக்கிறார். அவர் இருக்கிறதுக்குக் கதிரை எடுத்துப் போடும்."

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அங்கே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகம் சுருங்கியது.

"ஏன் சட்டை போடாமல் வந்திருக்கிறார்? ஈரமாயெல்லோ நிக்கிறார்." கொஞ்சம் பொறுத்து, மிகவும் மெதுவாக, "இவர் ஏன் இப்பிடி வெள்ளையாய்ப் போனார்?" என்றார்.

எனக்குத் தெரியும், தம்பி. அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பெயர் நாக்கின் நுனியில் நின்றது. "கடல் காத்துக்கு அப்பிடித்தானப்பா" என்றேன். அவர் அதை நம்பி, தலையை ஆட்டி, கையைக் கூப்பினபடியே கண்ணை மூடினார். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். வாழ்நாள் முழுக்கக் கும்பிட்ட ஆளைக் கடைசியில் கண்டுவிட்ட திருப்தியோடு போனார் என்று நினைத்துச் சில நாள் ஆறுதல்படுகிறேன். ஒரு அந்நியனைக் கும்பிட வைத்து என் மனுசனை அனுப்பிவிட்டேன் என்று நினைக்கிற நாட்களும் இருக்கின்றன. அந்த அந்நியன் எதற்கு வந்தான் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. தின்ற பாணுக்கு நன்றி சொல்லவா? அல்லது தன் பெயரைக் கேட்கவா?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஊரில் இலங்கை நேவிக்குப் பயந்து வாழ்ந்த எங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால் உடம்பு என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். ஆரணி வந்து "அப்பம்மா, ஐ காட் இன்" என்று கழுத்தைக் கட்டிப் பிடித்தபோது நான் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றதை நீ கவனித்தாய். வயது போய்விட்டது, காது கேட்கவில்லை என்று நீயே அவளுக்குச் சொன்னாய். காது நன்றாகத்தான் கேட்டது. உன் மாமா, என் தம்பி, படகில் ஏறிக் கடல் கடக்கப் போனதும், படகு மட்டும் தனியாகக் கரை ஒதுங்கினதும் நீ அறிந்த கதை. நீ அறியாதது, அவனுக்காக நான் இன்றுவரை ஒரு இலை போடவில்லை என்பது. என் அம்மா போடச் சொன்னார், ஐயர் சொன்னார், உன் அப்பா சொன்னார். இலை போட்டால் அவன் செத்துவிட்டான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மறுத்தேன். இந்த வீம்பில் எத்தனை வருஷம் போய்விட்டது என்று பார். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரனுக்குக் ஓரம் நீக்கிப் பாண் வெட்டி வைத்த கை, கூடப் பிறந்தவனுக்கு ஒரு பிடி சோறு வைக்கவில்லை.

எங்கேயோ ஒரு கரையில், என் தம்பி கையில் கட்டியிருந்த மணிக்கூட்டை எடுத்தவன் ஒருவன் இருப்பான் என்று சில வேளைகளில் நினைப்பேன். என்ன நடந்தது, யார் யாரை உதறினார்கள் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். அவன் வீட்டில் ஒரு மருமகள் அந்த மணிக்கூட்டைத் துடைத்து வைத்து, இது எங்கள் தாத்தாவுடையது என்று பிள்ளைகளுக்குக் காட்டினால்? எடுத்ததற்கு நான் மன்னித்துவிடுவேன். என் தம்பியின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டால் மன்னிக்க மாட்டேன். அந்த ஹொப்லிக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாள். கடிதம் வரும் என்று எத்தனை வருஷம் வாசலைப் பார்த்தாளோ.

நீ அந்தத் தகட்டை வெட்டுவித்ததில் உன் பிழை எதுவும் இல்லை. நீ உன் அப்பாவை நம்பினாய், அவர் தன் அப்பாவை நம்பினார். உன் மாமியை விட்டால், தெரிந்துகொண்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தது நான் ஒருத்திதான். போன மாதம் நீ தகரப்பெட்டியைத் திறந்து மெடல்களை எடுத்தபோதே தடுத்திருக்க வேண்டும். "ஆரணிக்கு இரத்தத்திலேயே கடல் இருக்குதம்மா" என்று நீ சொன்னபோது உன் முகம் அப்படியே உன் அப்பாவின் முகமாக இருந்தது. என்னால் முடியவில்லை.

சனிக்கிழமை அங்கே வருகிறவர்கள் கடல் தொழில் தெரிந்த ஆட்கள். யாராவது ஒருவன் அந்த மெடலைக் கையில் வாங்கி, என்னைப்போல விளிம்பைத் திருப்பிப் பார்ப்பான். அப்போது என் பேத்தி, புது யூனிபோமோடு, தன் தலைவர்கள் முன்னால் தலை குனிந்து நிற்பாள். அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் எழுதத் தொடங்கினேன். எழுதிக்கொண்டு வரும்போது அந்தப் பயம் சின்னதாகப் போய்விட்டது. ஒருவரும் கண்டுபிடிக்காமல் போனால்? அவளும் அந்தத் தகட்டை நம்பி, தன் பிள்ளைக்குக் கொடுப்பாள். அதுதான் இப்போது பெரிய பயம்.

வியாழக்கிழமை பின்னேரம் வா. ஆரணியையும் கூட்டிக்கொண்டு வா, யூனிவேசிற்றியில் வகுப்பு இருந்தாலும் பரவாயில்லை. அவளுக்கு நானே சொல்கிறேன். வள்ளம் கவிழ்ந்ததையும், காலை இரண்டு தரம் உதறினதையும் ஒளிக்காமல் சொல்வேன். அவள் தண்ணீருக்குப் போகப்போகிற பிள்ளை. வேலாயுதர் பொல்லாதவர் இல்லை, பயந்த மனிதர் என்பதை மற்ற எல்லோரையும்விட அவள் நன்றாக விளங்கிக்கொள்வாள் என்று நினைக்கிறேன். எனக்கு இங்கிலீஷ் போதாத இடத்தில் நீ எடுத்துச் சொல். அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல், என்னுடைய முகத்தைப் பார்க்காதே.

பிறகு அவளையே கேட்போம். இது எனக்கு வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே, என்னிடமே இருக்கட்டும். நான் இருக்கும்வரை பாண் வைப்பேன், இந்த வருஷம் அதற்குப் பக்கத்தில் என் தம்பிக்கும் ஒரு இலை போடுவேன். எனக்கு வேண்டும், நான் வைத்திருக்கிறேன் என்று அவள் சொன்னால், ஹொப்லி என்று வாய்விட்டுச் சொல்லி வாங்கட்டும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்த மனிதன் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறான். நான் உட்பட இந்தக் குடும்பத்தில் ஒருவரும் அவனை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

அம்மா